தொகுதி குலேந்திரன்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுதாக நம்பாமலேதான் சொல்லிக்கொண்டு வருகிறேன், பிள்ளை. அதை முதலே சொல்லிவிடுவது நல்லது. சங்கத்து மலர் அச்சாகி வந்த பிறகு, "குலேந்திரன் அங்கிள் எனக்கு ஒன்றும் சொல்லேல்லை" என்று நீர் சொல்லக்கூடாது. ஃபோனில் பதிவைப் போட்டு அதில் வையும். ஓடட்டும். அந்தப் பக்கம் வேண்டாம், மேசைக்கு ஒரு கால் ஆட்டம், தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிடும்.

"பென்ஹாலோ தொகுதியும் தமிழரும்" என்ற தலைப்பில் எழுதுகிறீராம், சங்கத் தலைவர் சொன்னார். நல்ல தலைப்பு. அதில் என்னைப்பற்றி ஒரு பந்தி வரும் என்றும் சொன்னார். படத்தோடு. "தொகுதியைத் திருப்பியவர்" என்று. அந்தப் பந்திதான் ஒரு கிழமையாக என் மண்டையைக் குடைகிறது. வாயால் சொல்வது வேறு. வாயால் சொன்னதை அடுத்த கொண்டாட்டத்தில் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம், கேட்கிறவரும் வேறு ஆளாக இருப்பார். அச்சில் வந்தால் வந்ததுதான். என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வந்ததுதான்.

உமக்கு எங்களுடைய வழக்கம் தெரியும். ஒரு பெயரில் ஒருவர் மட்டும் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் நாங்கள் மூன்று குலேந்திரன். மின்சார மீட்டர் வாசிக்கப் போனவர் மீட்டர் குலேந்திரன். வந்து கொஞ்சக் காலத்திலேயே இரண்டாவது வீடு வாங்கினவர் ரெண்டுவீட்டுக் குலேந்திரன். நான்? நான் மற்றக் குலேந்திரன். சிரியும், பரவாயில்லை. "எந்தக் குலேந்திரன்? மீட்டரோ?" "இல்லை." "ரெண்டு வீடோ?" "இல்லை, மற்றவர்." இப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். கலியாண வீட்டில் அன்பளிப்பு உறையில்கூட என் மனைவி பவளராணி அடைப்புக்குறிக்குள் "மற்ற" என்று எழுதுவாள். ஒரு மனிதன் நாட்டை விட்டு வந்து, கடலைத் தாண்டி, ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவும் உயர்ந்து, கடைசியில் மற்றவனாக இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாரும்.

இப்போது என்னை என்ன சொல்கிறார்கள்? தொகுதி குலேந்திரன். அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு வெள்ளைக்காரர். கிரேம் ஹட்சன். இந்தக் கதைக்கு அவர்தான் மூலம். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும், தேர்தலில் தொகுதியை மறு கட்சிக்குத் திருப்பினது நான் என்று.

கிரேமைப் பற்றிச் சொல்லாமல் தொகுதியைப் பற்றிச் சொல்ல ஏலாது. அவர் கார் பழக்குகிறவர். இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் கார் பழக்கினார். புத்தகத்தில் படித்து வரலாறு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரேம் தன்னுடைய காரில் யார் யார் வந்து ஸ்டியரிங் பிடித்தார்கள் என்பதை வைத்துச் சொல்வார். முதலில் செங்கற் சூளையில் வேலை செய்த ஐரிஷ்காரரின் பிள்ளைகள். பிறகு கோழிப்பண்ணை வைத்திருந்த மால்ட்டாக்காரர். வளைவில் வேகம் குறைக்கவே மாட்டார்களாம். பிறகு லெபனான்காரர், அவர்கள் றோட்டைப் பார்க்காமல் கிரேமைப் பார்த்துக் கதைத்துக்கொண்டு ஓட்டுவார்களாம். பிறகு வியட்நாம்காரர். முதல் பாடத்திலேயே இடுக்கில் கார் நிறுத்தப் பழகிவிடுவார்களாம். "பிறகு நீங்கள்" என்பார். "நீங்கள் ரவுண்டபவுட் சுற்றுவட்டத்தில் நின்று எல்லாரும் போகட்டும் என்று பார்ப்பீர்கள். எல்லாரும் போவதற்குள் சிலவேளை பொழுது பட்டுவிடும்."

தொகுதியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பென்ஹாலோ என்பவர் நில அளவையாளராம். இந்த இடத்தை அளக்க வந்து வழி தவறிப் பக்கத்துத் தொகுதியில் அகப்பட்டாராம். உண்மையோ பொய்யோ தெரியாது. அதுவும் கிரேம் சொன்னதுதான்.

கட்சிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மலருக்கு இரண்டு பக்கத்தாரிடமும் விளம்பரம் எடுக்க வேண்டும். சிவப்பு, நீலம் என்று வைத்துக்கொள்வோம். பென்ஹாலோ சூளைக் காலத்திலிருந்து சிவப்பு. தகப்பன் போட்டதற்கு மகன் போட்டான். மால்ட்டாக்காரர் வந்தும் சிவப்பு, லெபனான்காரர் வந்தும் சிவப்பு. கோழிப்பண்ணைகள் இருந்த காலத்தில் ஒரு கோழிக்குச் சிவப்பு ரீசேர்ட் போட்டு நிறுத்தியிருந்தாலும் பாராளுமன்றம் போயிருக்கும் என்பார் கிரேம். அவர் நீலம். நீலக் கட்சியின் உள்ளூர்க் கிளைக்கு அவர்தான் தலைவர். கிளைக் கூட்டத்தை அவருடைய காருக்குள்ளேயே நடத்தலாம், பின் சீற்றில் இடம் மிஞ்சும்.

எனக்கும் அவர்தான் கார் பழக்கினார். நான் லைசென்ஸ் சோதனையில் ஒரு முறை இல்லை, பல முறை தவறினேன். ஒவ்வொரு முறையும் கிரேம் வெளியில் நிற்பார். முகத்தைப் பார்த்ததும் சொல்வார், "நீ நன்றாகத்தான் ஓட்டினாய், குலன். அந்தப் பரிசோதகர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பார்." ஒருமுறை ஒரு குப்பைத்தொட்டியை இடித்து விழுத்திவிட்டேன். "அது அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடாது" என்றார். நடைபாதை விளிம்பில் சில்லு ஏறினால், "விளிம்பு எங்கே இருக்கிறது என்று உனக்கு இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் முக்கியம்" என்பார். நல்ல மனிதர். பிழை என்ற சொல்லை அவருடைய வாயில் நான் கேட்டதே இல்லை.

சரி, இடைத்தேர்தலுக்கு வருவோம். பழைய சிவப்பு உறுப்பினர் உடம்பு வருத்தம் காரணமாக விலகினார். அந்த நேரம் எங்கள் ஆட்கள் இங்கே நிறைந்துவிட்டார்கள். கடைத்தெருவில் இடியப்பம் வாங்கலாம், கோவில் வந்துவிட்டது, சனிக்கிழமையில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடசாலை நடக்கிறது, நான் அதன் பெற்றோர் சங்கத் தலைவர். ஒருநாள் கிரேம் என்னுடைய வீட்டுக்கு வந்தார். நீர் இருக்கிற அதே கதிரையில் இருந்தார். "குலன், தமிழர் வாக்கை எனக்குக் கொண்டு வா" என்றார்.

பாரும் பிள்ளை, என்னை ஒருவர் வீடு தேடி வந்து எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. மீட்டரைக் கேட்கவில்லை. ரெண்டு வீட்டைக் கேட்கவில்லை. மற்றவனைக் கேட்டார். எனக்கு நீலக் கட்சியின் கொள்கை என்ன என்றுகூட அப்போது தெரியாது. இப்போதும் வரிவிஷயம் மட்டும்தான் தெரியும்.

நான் இறங்கி வேலை செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் பெயர்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், என்னுடைய தமிழில் நாலு பக்கம் வந்தது, நல்ல கனதியான தமிழ். வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். எல்லாரும் "அதுக்கென்ன அண்ணை, உங்களுக்குத்தான்" என்றார்கள். கோவில் குருக்கள் ஐயா இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதித்தே சொன்னார். மீட்டர் குலேந்திரன், "மச்சான், நீ கேட்டு நான் இல்லையெண்டு சொல்லுவனோ?" என்றான். ஒரு வாக்குக்கூட இல்லையென்று வரவில்லை. அதை அப்போது நான் வெற்றி என்று நினைத்தேன்.

இனிச் சொசேஜ் விஷயம். அது இந்தக் கதைக்குத் தேவையில்லாதது. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது உமக்குச் சொல்வார்கள்.

இந்த நாட்டில் வாக்களிப்பு நிலையம் என்றால் வாசலில் சொசேஜ் கடை இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கிற கடை. வாக்குப் போட வருகிற வெள்ளைக்காரர் ஒரு துண்டுப் பாணுக்குள் அரைத்த இறைச்சியில் செய்த சொசேஜும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எங்கள் ஆட்கள் கோவிலில் விபூதி வாங்குகிற மாதிரி, அவ்வளவு கட்டாயம். அந்த முறை பள்ளிக்கூடத்து அதிபர் எங்களைக் கேட்டார். தமிழ்ப் பாடசாலை கடையைப் போடட்டும், வருமானமும் உங்களுக்கே என்றார். நான் உடனே ஓமென்றேன். மாட்டுச் சொசேஜுக்கு ஓடரும் கொடுத்துவிட்டேன்.

தேர்தலுக்கு முதல் கிழமைக் கூட்டத்தில் எங்கள் தலைமை ஆசிரியை சாந்தநாயகி ரீச்சர் எழும்பினா.

"குலேந்திரன் அண்ணை, அண்டைக்கு என்ன நாள் தெரியுமோ?"

"தெரியும் ரீச்சர். தேர்தல் நாள்."

"புரட்டாதிச் சனி."

இந்த நாட்டில் தேர்தல் எப்போதும் சனிக்கிழமை. புரட்டாதியில் சனிக்கிழமை எங்கள் ஆட்களுக்கு என்ன என்று உமக்குத் தெரியும். எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். தேர்தல் ஆணையகத்துக்கு இதெல்லாம் தெரியுமோ? கடைக்குப் பேர் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் விரதகாரர்.

"மாட்டிறைச்சி பொரிக்கிற தட்டுக்குக் கிட்ட நாங்கள் நிக்க ஏலாது அண்ணை. சனியன் பிடிக்கும்."

"ஒரு பக்கம் இறைச்சி, ஒரு பக்கம் மரக்கறி எண்டு பொரிக்கலாமே?"

"ஒரே தட்டிலயோ? கொழுப்பு ஓடி வராதோ இஞ்சால?"

வெங்காயம் வெட்டுகிறவரும் பாண் எடுத்துக் கொடுக்கிறவரும் இல்லாமல் கடை எப்படி நடக்கும்? நான்தான் வழி சொன்னேன். ஓடரை மாற்றி, எல்லாவற்றையும் மரக்கறிச் சொசேஜாக எடுப்போம் என்றேன். பருப்பும் பூசணிக்காயும் வைத்த ஒரு சாமான் விற்கிறார்கள், பார்வைக்கு அச்சொட்டாக அதேதான். பலகையில் "சொசேஜ்" என்று மட்டும் எழுதுவோம். அது பொய்யில்லையே. அதுவும் சொசேஜ்தானே. ரீச்சர் இன்னும் ஒருபடி மேலே போய், வெங்காயத்தோடு பச்சைமிளகாயும் கருவேப்பிலையும் பெருஞ்சீரகமும் போட்டு வதக்கினா. வாசம் றோட்டு வரைக்கும் போனது.

அன்றைக்குக் காலையில் நான் நீல ரீசேர்ட் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். பிறகு கடைக்கு ஆள் காணாது என்று பாடசாலை ரீசேர்ட்டை மாற்றிக்கொண்டு பொரிக்கிற தட்டடிக்குப் போனேன். பாடசாலை ரீசேர்ட் நல்ல குங்குமச் சிவப்பு. அந்த நிறம் நான் தெரிவு செய்தது, மங்களகரமாக இருக்கட்டும் என்று. கடையில் நின்ற எல்லாரும் சிவப்பு. கொடிகூடச் சிவப்பு. பார்க்க நல்ல வடிவாக இருந்தது.

தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர் முதல் ஆளாக வந்தார். ஒரு கடி கடித்தார். அப்படியே நின்றார்.

"இது என்ன?" என்றார்.

"சொசேஜ்" என்றேன்.

"இதற்குள் என்ன இருக்கிறது?"

"எல்லாம் இருக்கிறது ஐயா."

அவர் என்னுடைய ரீசேர்ட்டைப் பார்த்தார். திரும்பி, வாசலில் சிவப்பு ரீசேர்ட்டோடு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த கட்சிக்காரரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "என்னுடைய அப்பாவும் உங்களுக்குத்தான் போட்டார்" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது.

தகப்பனை நினைத்து மனம் இளகிவிட்டது போல என்று நான் நினைத்தேன். "மிக்க நன்றி ஐயா" என்றேன். அவர் மீதிச் சொசேஜைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு முழுக்க இப்படித்தான். பழைய சூளை ஆட்கள், மால்ட்டாக்காரக் கிழவர்கள், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடித்தார்கள். ரீசேர்ட்டைப் பார்த்தார்கள். சிலர் தண்ணீர் கேட்டார்கள். ஒருவர் வாசலுக்குப் போய்ச் சிவப்புக் கட்சிப் பெடியனிடம் கையை நீட்டி நீட்டிக் கத்தினார். சனங்களுக்குப் பொறுமை இல்லை, ஒரு பச்சைமிளகாய்க்கு இவ்வளவு சத்தமா என்று ரீச்சரிடம் சொன்னேன். மத்தியானம் அந்தக் கட்சியின் பொறுப்பாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"இந்த ரீசேர்ட்டைக் கழற்றுங்கள். தயவுசெய்து."

"ஏன்?"

"நீங்கள் எங்கள் ஆட்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது எங்கள் பிள்ளைகளின் பாடசாலை நிறம். எங்களை உங்கள் ஆட்கள் என்று நினைத்தால் உங்களுக்கு அவ்வளவு வெட்கமா?" என்று கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். நிறவெறி பிடித்த ஆள் என்று நினைத்தேன். நான் நீலத்துக்கு வேலை செய்தது சரிதான் என்று அப்போது எனக்கு நிச்சயமாயிற்று.

பின்னேரம் எண்ணினார்கள். சிவப்புக் கட்சி அசைக்க முடியாமல் இருந்தது எங்கள் பள்ளிக்கூடத்து நிலையத்தில்தான். அதுதான் கவிழ்ந்தது. முழுத் தொகுதியிலும் வித்தியாசம் மிகச் சின்னது. ஒரு கலியாண வீட்டு முதல் பந்திக்குக் காணாத ஆட்கள். நீலம் வென்றது.

கிளப்பில் கொண்டாட்டம். மீட்டரும் ரெண்டு வீடும் என்னோடு வந்திருந்தார்கள், சாப்பாடு இலவசம் என்று. மரக்கறிச் சொசேஜ் என்று முடிவான அந்த ஒரு கிழமையாக அவர்கள் என்னைச் சொசேஜ் குலேந்திரன் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். மற்றவன் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்போது கிரேம் கதிரையில் ஏறி நின்று கிளாஸைத் தூக்கினார்.

"நாற்பது வருஷத்துக்கு மேல் அசையாத தொகுதி. அதைத் தமிழர் வாக்கு திருப்பிவிட்டது. அந்த வாக்கைக் கொண்டுவந்தவர் இங்கே நிற்கிறார். குலன்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் வந்து என்னைத் தூக்கப் பார்த்தார், ஏலவில்லை. மீட்டர் என்னுடைய காதுக்குள், "மச்சான், நீ இனித் தொகுதி குலேந்திரனடா" என்றான். அன்றைக்கு வைத்த பெயர்.

அடுத்த பொதுத்தேர்தலில் பென்ஹாலோ திரும்பவும் சிவப்புக்கே போய்விட்டது. அது வேறு விஷயம். அந்த முறை பள்ளிக்கூடம் கடையை எங்களுக்குத் தரவில்லை, தாங்களே மாட்டுச் சொசேஜ் போட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். அது ஒரே நாளில் வந்ததில்லை. கூரை ஒழுக்கு மாதிரி, ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு இடத்தில் வந்தது.

முதலில் குருக்கள் ஐயா. ஒரு வருஷம் கழித்து அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, கோவிலில் பொங்கல் பொங்கினார்கள். நான் பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் யோசித்தேன். இன்றைக்குத்தான் பிரஜை என்றால், அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கி "உங்களுக்குத்தான்" என்றாரே, எதை வைத்துச் சொன்னார்? விசாரித்துப் பார்த்தால் நான் தேத்தண்ணி குடித்த வீடுகளில் அரைவாசிக்கு மேல் அப்போது வாக்கே இல்லை. பாவங்கள், மனம் நோகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது ரெண்டுவீட்டுக் குலேந்திரன். எல்லைகளை மாற்றி வரைந்தார்கள் அல்லவா, அந்த வரைபடத்தை ஒருநாள் பார்த்தேன். அவனுடைய இரண்டு வீடும் பக்கத்துத் தொகுதியில் இருக்கிறது. பழைய வரைபடத்திலும் அங்கேதான். "அப்ப ஏனடா எனக்குப் போட்டதெண்டு சொன்னனீ?" என்று கேட்டேன். "நீ எந்தத் தொகுதியெண்டு கேக்கேல்லையே" என்கிறான்.

மீட்டர் போட்டான். அவனுக்கு இங்கே வாக்கு இருந்தது. ஆனால் வாக்குச்சீட்டில் வேட்பாளர்களுக்கு விருப்பப்படி ஒன்று, இரண்டு என்று இலக்கம் போடச் சொன்னதும், மேலே இருந்து கீழே ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், மீட்டர் வாசிப்பு எழுதுகிற மாதிரி. மேலே முதலாவதாக இருந்தது யார்? சிவப்பு.

பிறகு பவளராணி. கோவிலால் வருகிற வழியில், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்.

"நான் எப்பவும் போடுறதுக்குத்தான் அண்டைக்கும் போட்டனான்."

"எதுக்கு?"

"என்ர தங்கச்சியின்ர விசாவுக்குக் கடிதம் தந்தது ஆர்? பழைய சிவப்பு மனிசன். அந்த நன்றியை மறக்கலாமோ?"

"நான் வீட்டுக்குள்ளயே இருந்து பிரசாரம் செய்தனே."

"உங்கட தமிழ் எனக்கு விளங்கேல்லை."

கேட்டீரா, உள்ளே சிரிக்கிறாள். கதவைச் சாத்தச் சொன்னேன், சாத்தவில்லை.

இப்படி ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போனேன். நீலத்துக்குப் போட்டேன் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய தமிழன் கடைசியில் ஒருவன்தான் மிஞ்சினான். நான். அப்படியென்றால் தொகுதியைத் திருப்பினது யார்? பவளராணி, சொசேஜ்தான் திருப்பினது என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தகப்பன் காலத்திலிருந்து போட்டுவந்த கட்சியை ஒரு மனிதன் ஒரு பருப்புச் சொசேஜுக்காக மாற்றுவானா? மாற்றுவான் என்றால் நாங்கள் கொள்கை, சாசனம் என்று கதைப்பதெல்லாம் என்ன? அப்படிப்பட்ட சனங்களுக்கு நடுவில் பயமில்லாமல் இருக்கலாமா? அல்லது அப்படிப்பட்ட சனங்களுக்கு நடுவில்தான் பயமில்லாமல் இருக்கலாமா? எங்கள் ஊரில் கட்சி மாற்றியதற்கு நடந்தவை உமக்குத் தெரியும். இங்கே ஒரு மிளகாய் கடித்து மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டுகிறார்கள். இதை யோசித்தால் எனக்குத் தலை சுற்றும், விட்டுவிடுவேன்.

இத்தனை வருஷமும் கிரேமிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைப்பேன், அவர் கையைப் பிடித்து "தொகுதியைத் திருப்பினவன் வருகிறான்" என்பார், எனக்கு வாய் வராது. ஆனால் நீர் வந்து பந்தி எழுதப்போகிறீர் என்றதும் இனித் தள்ளிப்போட ஏலாது என்று தெரிந்துவிட்டது. போன ஞாயிறு போனேன்.

அவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். புத்தி தெளிவு, கால்தான் ஏலாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ரவுண்டபவுட். கதிரையைப் போட்டு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், யார் எப்படித் திரும்புகிறார்கள் என்று. தொகுதி எப்படி மாறுகிறது என்பதை அங்கே இருந்தே சொல்வார். இப்போது பஞ்சாபிகளும் நேபாளிகளும் நிறைய என்றும், உங்கள் பிள்ளைகள் ரவுண்டபவுட்டில் நிற்பதே இல்லை, அப்பன்மாருக்கும் சேர்த்துப் போகிறார்கள் என்றும் சொல்வார்.

அவரைப் பார்க்கிற தாதி ஒரு நேபாளப் பெண், பிமலா. என்னை வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு போகும்போது கேட்டாள், "நீங்கள் கிரேமின் கட்சியா?" ஓமென்றேன்.

"எங்கள் ஆட்கள்தான் போன மாநகரசபைத் தேர்தலைத் திருப்பினோம் என்று கிரேம் சொன்னார். எனக்கு வாக்கே இல்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது" என்றாள்.

"கார் பழகுகிறீர்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"இரண்டு தரம் சோதனையில் தவறிவிட்டேன். நன்றாகத்தான் ஓட்டுகிறேனாம். தன்னுடைய ஜன்னலால் பார்த்துவிட்டு கிரேம் சொன்னார்."

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், பிள்ளை. அன்றைக்கு நான் காரை நிறுத்தும்போது முன் சில்லு நடைபாதையில் ஏறிவிட்டது. ஏறி, அங்கே இருந்த ஒரு பூச்சாடியையும் தொட்டுவிட்டது. நேரே அவருடைய ஜன்னலுக்குக் கீழே. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அறைக்குள் போனேன். இரண்டு கையையும் நீட்டினார்.

"குலன். எவ்வளவு அழகாக நிறுத்தினாய்."

நான் கட்டிலில் இருந்தேன். தேர்தலைப் பற்றிக் கேட்க எல்லாம் சரிக்கட்டிக்கொண்டு வந்திருந்தேன், வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே பார்த்தால் என்னுடைய கார் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. பூச்சாடி விழுந்து கிடக்கிறது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறார், அந்தக் காலத்தில் பரிசோதனை நிலையத்துக்கு வெளியே நின்று சிரித்த மாதிரியே. அந்த முகத்தைப் பார்த்துப் பொய்யா என்று கேட்க எந்த மனிதனுக்கு மனம் வரும்?

என்ன கேட்டேன் என்பதை மட்டும் உமக்குச் சொல்கிறேன். அவர் சொன்ன பதிலை நான் சொல்லப்போவதில்லை. பந்தியைப் போடுவதா விடுவதா, எந்தக் குலேந்திரன் என்று போடுவதா, நீரே பாரும்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "கிரேம், நீங்கள் எனக்குக் கார் பழக்கின காலத்தில், உண்மையைச் சொல்லுங்கள், நான் நன்றாகத்தான் ஓட்டினேனா?"